நீளப்பாட்டு கேட்டவள்

பல் கட்டும் கூடத்தில் அவளுக்கு ஏழரை என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம்தான் சூளையின் கம்பி எரிந்துபோனது என்று. தான் கேட்கிற பாட்டெல்லாம் ஏழு ஏழாக எண்ணவேண்டிய தாளத்தில் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று அவளே ஒரு காரணம் சேர்த்துக்கொள்வாள். பெயரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. சனிக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கு இருக்கிறது என்பாள்.

பீங்கான் பல் செய்வது அவள் வேலை. மாவு அச்சில் நோயாளியின் வாய் வரும். பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, தூரிகை முனையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சூளையில் சுட்டெடுத்து, பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்துகிறதா என்று சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். நிற்கவும் நடக்கவுமாகவே வளர்ந்தவள் இந்த வேலையில் எப்படி நிலைத்தாள் என்று அவள் அம்மாவுக்கே ஆச்சரியம். இதற்கு முன் செருப்புத் தைக்கும் ஆலை, துணிக்கடை, பிரவுசிங் சென்டர் என்று எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. இங்கே ஒரு காதில் பாட்டு கேட்க முதலாளி அனுமதித்தார். மறு காது முதலாளிக்கு. அதனால்தான் தங்கினாள்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். ஒரே வீட்டில் பல்லும் கண்ணும் ஆச்சு, காது ஒன்றுதான் பாக்கி என்று தெருவில் கேலி செய்வார்கள். "காதைத்தான் இவ தெனம் கெடுக்கிறாளே" என்பார் அவர். கோபமாகச் சொல்ல மாட்டார். அவருக்கு எதையும் கோபமாகச் சொல்லத் தெரியாது.

அந்தப் பாட்டு அவளைப் பிடித்தது பிரவுசிங் சென்டரில். அப்போது பத்தொன்பது வயது. யாரோ ஒருவன் கணினியை அணைக்காமல், காதொலிக் கருவியை மேசையில் வீசிவிட்டுப் போயிருந்தான். உள்ளே என்னவோ இரைந்துகொண்டிருந்தது. நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் காதில் வைத்துப் பார்த்தாள். கித்தார் இரும்பை அறுப்பது போல் போயிற்று. டிரம் எங்கே அடிக்கும் என்று கால் எதிர்பார்த்ததோ அங்கே அடிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி முன்னாலேயே வந்து விழுந்தது. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. முதலிலிருந்து மறுபடி வைத்து எண்ணினாள். ஏழு. பிறகு ஐந்து. மறுபடி ஏழு. பாட்டு முடியவே இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. வாசலில் மூன்று பேர் கணினிக்குக் காத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த வேலை போக அதுவும் ஒரு காரணம்.

பாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. ரசிகர்கள் அதை நீளப்பாட்டு என்றே சொன்னார்கள். குழுவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர்களை ஐவர் என்றார்கள். கீபோர்டுக்காரர் சண்டை போட்டுக்கொண்டு விலகி நான்கு பேரான பின்னும் ஐவர்தான். ஆள் குறைந்தால் பெயரைக் குறைக்க முடியுமா என்று கேட்டார் டி.டி.ஆர்.

டி.டி.ஆர். என்பவர் ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர். ஏழரைக்கு அண்ணன் முறை மாதிரி ஆகிவிட்டவர். அவரை அவள் கண்டுபிடித்ததே ரயிலில்தான். டிக்கெட்டை வாங்கிய கை அவள் சட்டையில் இருந்த ஐவர் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அவர் மூலமாக வாத்தியார் கிடைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஞாயிறு மத்தியானம் ஸ்கூலுக்கு விடுமுறை. அந்த அறையில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து கூடுவார்கள். சுவரெல்லாம் சாலைக் குறிகள். ஹாரன் அடிக்காதே என்ற படத்துக்கு நேர் கீழேதான் ஸ்பீக்கர்.

அந்த வருடம் ஐவர் சுற்றுப்பயணம் அறிவித்தார்கள். பக்கத்துப் பெரிய நகரத்திலும் ஒரு மாலை. ரயிலில் போய்விடலாம். அன்றைக்கு அந்த அறையில் டீக்கடைக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்கும் அளவுக்குச் சத்தம்.

சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. வேறு ஊர்களில் கச்சேரி தொடங்கியதும், எந்தெந்தப் பாட்டு வாசித்தார்கள் என்ற விவரம் இணையத்தில் வர ஆரம்பித்தது. எல்லா ஊரிலும் ஒன்றே. புது ஆல்பம் முழுசாக, அதே வரிசையில். அதற்குப் பிறகு பழையவை நான்கு. நீளப்பாட்டு இல்லை.

டி.டி.ஆருக்கு இதெல்லாம் காதில் விழவே கூடாது. போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியவேண்டும் என்பார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் வழியாக, முடிஞ்சுதா என்று கேட்பார். ரயிலில் ஒருவரையும் நம்பாமல் டிக்கெட் கேட்கிற மனிதர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏறத் தயாராக இருந்தார்.

உள்ளே ஏழரையும் வாத்தியாரும் மோதிக்கொண்டார்கள். திரையில் ஓடுகிற படம், விளக்கு, புகை எல்லாம் கணினியில் கோத்து வைத்தது, டிரம்மர் காதில் தாளம் காட்டும் ஒரு டிக்டிக் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பாட்டை உருவினால் மொத்தச் சரமும் அறுந்துவிடும் என்றார் வாத்தியார். அப்படியென்றால் படத்தையே அனுப்பி வைக்கலாமே, ஆட்கள் எதற்கு மெனக்கெட்டு வரவேண்டும் என்றாள் அவள். புதுசாகச் செய்ததை வாசிக்கத்தானே கலைஞனுக்கு ஆசை இருக்கும் என்றார் அவர். சமைத்தவனுக்கு ஆசை இருக்கலாம், சாப்பிட வந்தவனுக்கும் ஒரு பசி இருக்கிறது என்றாள் அவள்.

"உங்களுக்கென்ன சார்," என்றாள் கடைசியில். "நீங்க கேட்டாச்சு."

அதுதான் விஷயம். பல வருடங்களுக்கு முன் ஐவர் இந்தப் பக்கம் வந்தபோது நீளப்பாட்டை வாசித்தார்கள். வாத்தியார் முன்வரிசையில் நின்று கேட்டார். ஏழரையும் டிக்கெட் வாங்கியிருந்தாள். அந்த வாரம் மகள் பிறந்துவிட்டாள், சொன்ன தேதிக்கு முன்னாலேயே. பிரசவ அறையில் வலியை ஏழு ஏழாக எண்ணினேன் என்று அவள் பிறகு சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தக் கச்சேரியைப் பற்றி வாத்தியார் பேசும்போதெல்லாம் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வயிறு நிறைந்தவனுக்குப் பசித்தவன் பேச்சு புரியாது என்று நினைப்பாள்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ரசிகர்களின் இணையப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இவர்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள், பழகின தடத்திலேயே வண்டி ஓட்டுகிறார்கள் என்று தினம் ஒன்று. பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் கைதட்டினார்கள். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நீளப்பாட்டு வந்த ஆல்பத்தின் அட்டை வெறும் வெள்ளை. எழுத்துகூடக் கிடையாது. நம் பக்கத்துக் கச்சேரியில் நாலாவது பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடிப்போம், வாயைத் திறக்க வேண்டாம், அவர்களுக்குப் புரியும் என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒரு கடைவாய்ப் பல்லைச் சூளைக்குள் வைத்தாள். அது வெந்து வருவதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் சரி என்று சொல்லியிருந்தார்கள்.

கிளம்புகிற அன்று கணவர் அவள் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார். "போயிட்டு வா. ஆனா கேட்டது கெடைக்கலேன்னா, வந்து எங்க மேல எரிஞ்சு விழாத" என்றார். கிடைக்காமல் வர மாட்டேன் என்றாள்.

உள்விளையாட்டு அரங்கம். மேலே கூடைப்பந்து வளையங்களை மடக்கிக் கட்டியிருந்தார்கள். டி.டி.ஆர்., வாத்தியார், அவள் மூவரும் டிரம்முக்கு நேர் எதிரே இடம் பிடித்தார்கள். புதுப் பாட்டுகள் வந்தன. திரையில் படம், அடிக்கு அடி பொருந்தி வெட்டுகிற விளக்கு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. டி.டி.ஆர். ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் பரிசுப் பொட்டலம் பிரிப்பவர் மாதிரி நின்றார். ஏழரை மட்டும் பாட்டைக் கேட்கவில்லை; பாட்டு முடிவதற்குக் காத்திருந்தாள்.

நாலாவது முடிந்தது. அவள் தாளைத் தூக்கினாள். ஒரு கணம் தான் மட்டும் தூக்கியிருப்பதாகத் தோன்றி உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் பார்த்தாள். அரங்கம் முழுக்க வெள்ளை.

பாடகர் பார்த்தார். நரைத்துப்போயிருந்தார், படங்களில் இருப்பதைவிட மெலிவு. சிரித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆள்காட்டி விரலை ஆட்டினார். தாள்கள் இறங்கவில்லை. காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஏழு, ஐந்து, ஏழு. கித்தார்காரர் நடந்துபோய் டிரம்மரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பாடகர் இருவரையும் பார்த்தார். தோளைக் குலுக்கினார். டிரம்மர் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டார். திரை அணைந்தது. வண்ண விளக்குகள் போய், பள்ளிக்கூட ஆண்டு விழா மேடை மாதிரி வெறும் வெள்ளை வெளிச்சம்.

ஆரம்பித்தார்கள். ஆல்பத்தில் இருந்ததைவிட வேகம், ஓரங்களில் பிசிறு, ஆனால் உயிரோடு. வாத்தியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளோ அசையாமல் நின்றாள். இத்தனை வருடமாக உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று எதிரே வந்து நின்றுவிட்டது போல் இருந்தது.

பாட்டின் நடுவில் ஒரு ஏற்றம் வரும். குரல் படிப்படியாக மேலே போய், டிரம் நின்றுவிட, தனியாக உச்சியில் நிற்கும். அங்கே போகும்போது பாடகரின் குரல் துணி கிழிவது போல் கிழிந்தது. மைக்கை விட்டு விலகி இருமினார். மற்ற மூவரும் அதே சுற்றை மறுபடி மறுபடி வாசித்துக் காத்திருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஏறினார். மறுபடி கிழிந்தது. மூன்றாம் முறை அவர் ஏறவில்லை. அந்த வரிகளைக் கீழேயே, பேசுகிற குரலில், எதிரே இருக்கிற ஒருவரிடம் சொல்வது போல் சொல்லி முடித்தார். அரங்கம் இடிந்துவிடும் போல் கத்தியது. ஏழரை பார்த்துக்கொண்டிருந்தது அவர் கையை. அது தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மீதிப் பாட்டுகளைக் கித்தார்காரர் பாடினார்.

மறுநாள் திரும்பும் ரயிலில் செய்தி வந்தது. பாடகரின் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் டாக்டர்கள். அடுத்த இரண்டு ஊர்க் கச்சேரிகள் தள்ளிவைப்பு. டி.டி.ஆர். படித்துவிட்டு போனை மடியில் கவிழ்த்து வைத்தார். வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தாச்சு" என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த ஊர்களின் ரசிகர்கள் கொதித்தார்கள். வெள்ளைத் தாளை ஆரம்பித்தது யார் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். வந்த வசவுகளில் பாதி எழுதத் தகாதவை. அவை அவளை அவ்வளவாகத் தொடவில்லை. வசவு வாங்குவது அவளுக்குப் பழக்கம். தொட்டது வேறொன்று. அடுத்த ஊரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். ஒருவரையும் திட்டவில்லை. டியூட்டி மாற்றிக்கொள்ள மூன்று பேர் காலில் விழுந்தேன், கைக்குழந்தையை அம்மாவிடம் பழக்கினேன், சீருடைக்குள் போட்டுக்கொண்டு போக ஐவர் சட்டைகூட எடுத்துவைத்தேன், இனி எப்போது அமையுமோ தெரியவில்லை என்று மட்டும்.

அந்த வாரம் முழுக்க ஏழரை குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். கூடத்தில் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. முன்பல்லுக்கு வைக்கவேண்டிய நிறத்தைக் கடைவாய்க்கு வைத்துச் சுட்டுவிட்டாள். முதலாளி அந்தப் பல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்றார். வீட்டில் துணி மடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்துபோவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போய் எதற்குப் போனோம் என்று மறந்து நிற்பாள். ஐவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினாள். பதில் வரவில்லை. வரும் என்று அவளும் நினைக்கவில்லை.

ஒரு மாலை கணவர் கேட்டார், இப்படியே எத்தனை நாள் நடக்கப் போகிறாய் என்று.

"நான் கேக்காம இருந்திருந்தா அவரு பாடியிருக்க மாட்டாரு" என்றாள்.

"கேட்டது நீ. பாடினது அவரு. முடியாதுன்னு சொல்ல அவருக்கும் வாய் இருக்குல்ல?"

"சொன்னாரே. வெரலை ஆட்டினாரே. நான்தான் தாளை எறக்கல."

அவர் எழுந்து போகவில்லை. அவள் பாதியில் விட்ட துணிகளை மடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் நர்ஸுக்கு எழுதினாள். அந்த ஆள் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று இரண்டே வரி. வசவு வந்தால் வாங்கிக்கொள்வது என்று போனைப் பிடித்தபடி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். பதில் வந்தது.

"எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. எது என்று கேட்டாள்.

"நீளப்பாட்டுதான். நேர்ல கேட்டீங்களே. எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

ஏழரை படியில் உட்கார்ந்தாள். அடித்தாள், அழித்தாள். பிறகு ஒன்றையும் மறைக்காமல், விளக்கு அணைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாடகரின் குரல் கிழிந்த இடம் வந்தது. அதையும் சொன்னாள். மறுமுனையில் நர்ஸ் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தாளாம். எல்லாம் முடிந்தபின், "பேசற குரல்லயா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் இருவரும் அடிக்கடி எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டிரைவிங் ஸ்கூல் பக்கம் போகவில்லை. டி.டி.ஆர். ஒருநாள் கூடத்துக்கே வந்து நின்றார். நீ இல்லாமல் அங்கே சண்டையே நடக்கவில்லை தங்கச்சி, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், சகிக்கவில்லை என்றார். போனாள்.

போனவளுக்கு ஒரு அதிர்ச்சி. வாத்தியார் அந்தக் கச்சேரியை யாரோ போனில் பிடித்த பதிவை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். குரல் கிழிந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்டபோது பாட்டைக் கேட்டேன், இந்தத் தடவைதான் ஆளைக் கேட்டேன் என்றார். ரயிலில் சொன்ன பேச்சை அவர் அப்படியே விழுங்கிவிட்டிருந்தார். கேட்டது சரிதான், கேட்கத்தான் வேண்டும், மேடைக்கு வருபவன் விழவும் தயாராக வரவேண்டும் என்றார். ஏழரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதை ரசிப்பதற்கு நமக்கு என்ன உரிமை, அவர்கள் கோத்து வைத்த சரத்தைக் கேட்டுவிட்டு வருவதுதான் மரியாதை என்றாள். இரண்டு பேரும் பக்கம் மாறி நிற்கிறார்கள் என்பது டி.டி.ஆருக்குத்தான் முதலில் புரிந்தது. சொன்னால் சண்டை நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை.

தள்ளிப்போன கச்சேரிகளுக்குப் புதுத் தேதி வந்தது. நர்ஸுக்கு மறுபடி டியூட்டி மாற்றிக் கிடைத்தது. கச்சேரிக்கு முந்தைய நாள் அவள் ஏழரைக்கு எழுதினாள்: "அக்கா, நான் தாள் எடுத்துட்டுப் போகவா?"

ஏழரை அந்தக் கேள்வியோடு தெருக்கோடி வரை நடந்து திரும்பினாள். வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் அன்றைக்குப் பாட்டைத் தவறவிட்டுப் பிரசவ அறையில் படுத்திருந்த தனக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? எடுத்துப் போ என்றால் பாடகரின் அந்தத் தொண்டை கண்முன் வந்தது. கடைசியில் எழுதினாள்: "எடுத்துட்டுப் போங்க. அவரு வேண்டாம்னு வெரலை ஆட்டினா எறக்கிடுங்க. பக்கத்துல இருக்கறவங்களையும் எறக்கச் சொல்லுங்க."

அப்படித்தான் நடந்தது. அந்த ஊரிலும் தாள்கள் எழுந்தன. பாடகர் விரலை ஆட்டினார். நர்ஸ் இறக்கினாள், பக்கத்தில் இருந்தவனின் முழங்கையைப் பிடித்து இறக்கினாள், அவன் அடுத்தவனை. கொஞ்ச நேரத்தில் வெள்ளை முழுக்க அடங்கிவிட்டது. பாடகர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாராம். அடுத்த பாட்டு, இணையத்தில் இருந்த அதே வரிசைப்படி. குரல் நன்றாக இருந்தது, கச்சேரியும் நன்றாக இருந்தது என்று நர்ஸ் எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் அழுதேன், கோபம் யார் மேல் என்று தெரியவில்லை என்றும் எழுதினாள்.

ஏழரை அதை ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். வாத்தியார் மேசையைத் தட்டினார். இன்னும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தால் பாடியிருப்பார், நீதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்தாய் என்றார். அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். சன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெடுத்தேன்தான் சார்," என்றாள். "ஆனா எனக்கு இன்னமும் கேக்கணும் போல இருக்கு. அந்த ஏத்தத்தை முழுசா. அவருக்கு வலிக்காம. அது எப்படின்னு நீங்க சொல்லுங்க."

டி.டி.ஆர். தாழ்வாரத்துக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். ஏழரை உட்காரவில்லை. நின்றபடியே, சுருதியைக் கீழே இறக்கி வாசித்தால் அது அதே பாட்டாக இருக்குமா இருக்காதா என்று ஆரம்பித்தாள்.